திரும்பிப் பார்க்கும் பாளையக்காரர்

டாக்டர்,

இன்று காலை ஸ்டுடியோ ஷட்டரை ஏற்றியதும் மூக்கில் ஏறியது கிராம்பு வாசனை. நேற்று மதுரையிலிருந்து வந்த அசதியில் உன் பெட்டியை மூடாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். உன் பல் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் குடியிருந்த படை அல்லவா, ஒவ்வொரு பொம்மைச் சிப்பாய்க்குள்ளும் கிராம்புத் தைலம் ஊறிக் கிடக்கிறது. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு பெண் உள்ளே நுழைந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "அண்ணே, இங்க பல்லும் புடுங்குவீங்களா?" என்று கேட்டாள். முன்பு என்றால் உடனே உனக்குப் போன் போட்டிருப்பேன். "ஏலே பாய், என் பொழப்புக்கே ஒல வச்சுட்டியே" என்றிருப்பாய்.

போன் போட ஆள் இல்லாததால் எழுதுகிறேன். நம் பொம்மைப் படையில் நீ பாதியில் விட்டுப்போன தலைமைத் தட்டு முடிந்துவிட்டது. மதுரையில் மேசையேறி இறங்கியும் ஆயிற்று. பாளையக்காரர் தலையை எந்தப் பக்கம் திருப்பி ஒட்டினேன் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். எதிலும் முடிவை முதலில் கேட்கிற ஆள் நீ. இந்த ஒரு தடவை கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நாம் சந்தித்த நாளிலிருந்தே தொடங்குகிறேன். கடைவாய்ப் பல் வலியோடு உன் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். வாய்க்குள் உன் விரல், ஒரு கண்ணாடி, ஒரு கொக்கி. தலையை அசைக்க முடியாத அந்த நிலையில் கண் போகக்கூடிய ஒரே இடம் உன் அலமாரி. அதில் சுண்ணாம்பில் வார்த்த தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன. நடுவில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு சிவப்புச் சட்டைச் சிப்பாய், துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு, யாரோ ஒருவருடைய கீழ்த்தாடையைக் காவல் காத்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தபடியே "அஃஹ் அங்?" என்றேன். பல் டாக்டர்களுக்கு மட்டுமே விளங்குகிற பாஷை அது. "கும்பினிச் சிப்பாய்ங்க. நாந்தான் பெயிண்ட் பண்ணேன். வாய மூடாதீங்க" என்றாய்.

பல் போன இடத்தில் ஒரு படை வந்து சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு நேராக உன் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், வலி இல்லாமலேயே. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் பெரிய மேசையைப் போட்டு, பச்சை விரிப்பு விரித்து, அதன் கீழே புத்தகங்களை அடுக்கி மலை எழுப்பியிருந்தாய். வெளிநாட்டில் ஈயத்தில் வார்த்து அனுப்பும் சாம்பல் நிறப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, நாலைந்து பேராக ஒரு பலகைத் துண்டில் ஒட்டி, அந்தத் துண்டுக்கு மண்ணும் புல்லும் போட்டு, தையல்காரர் டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவதுதான் ஆட்டம் என்றாய். பலகைத் துண்டுக்குத் தட்டு என்று பெயர் வைத்தோம். நீ பாளையத்தை எடுத்துக்கொண்டாய், எனக்குக் கும்பினி. மலையடிவாரத்துக் கணவாய் ஒன்றில், எந்தப் புத்தகத்திலும் பெயரில்லாத ஒரு சண்டை. நம் மலையைச் சுற்றி அப்படி எத்தனையோ நடந்திருக்கும் என்பாய்.

கும்பினிச் சிப்பாயைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், பாளையக்காரர் ஆளை வார்த்து விற்பார் யாரும் இல்லை. அதனால் வேறு தேசத்து ஆட்களின் தொப்பியைச் சீவி எறிந்துவிட்டு, பிசைந்தால் இறுகுகிற பச்சை மாவில் தலைப்பாகை சுற்றினாய். சொத்தைப் பல்லை நோண்டும் கொக்கியாலேயே அதில் மடிப்பு வைத்தாய். பல் வேருக்குள் விட்டு உடைந்துபோன கம்பிகள் உன் படைக்கு ஈட்டிகள் ஆயின. தேய்ந்த டூத்பிரஷ் ரோமம் புல்லாயிற்று. பாறைக்கு நாம் இருவரும் பைன் காட்டுக்குப் போய்ப் பட்டை பொறுக்கி வந்தோம். உன் ஊரான பள்ளங்கியிலிருந்து உன் அண்ணன் அனுப்பும் பூண்டின் தோலை உள்ளங்கையில் நொறுக்கித் தூவினால் காய்ந்த இலைச் சருகு அச்சு அசலாக வந்துவிடும். சமையலறையில் பூண்டு உரித்த தோலைக் குப்பையில் போட விடாமல் நீ டப்பாவில் சேர்ப்பதைப் பார்த்து உன் வீட்டம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

எல்லாவற்றையும்விட எனக்குச் சிரிப்பு வருவது நீ பல் தீட்டியதுதான். கட்டைவிரல் உயர ஆளுக்கு முகத்தில் கண்ணே ஒரு புள்ளி. நீ ஒற்றை ரோமத் தூரிகையை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, வாயில் வெள்ளைக் கோடு போடுவாய். "இந்த ஒயரத்துல பல்லு யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்ல" என்றாய்.

என் முதல் தட்டு உனக்கு நினைவிருக்கும். உனக்கு மறந்தாலும் எனக்கு மறக்க நீ விட்டதில்லை. பாளையத்து ஆட்கள் அஞ்சு பேரைக் கொடுத்து, "இவங்கள ஒரு தட்டுல நிப்பாட்டிக் கொண்டாங்க பாய்" என்று அனுப்பினாய். ஒரு வாரம் உட்கார்ந்து செய்தேன். உயரமானவர்களைப் பின்னால் நிறுத்தினேன், குனிந்து ஓடுகிறவனை முன்னால் வைத்தேன், நடுவில் கொம்பு ஊதுகிறவன், எல்லோர் முகமும் நேர் முன்னால் பார்க்க, ஒருவர் மேல் ஒருவர் நிழல் விழாமல் ஒட்டிக் கொண்டுவந்தேன். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாய்.

"ஏலே பாய், இது சண்டையா, பொண்ணு மாப்ள குரூப் போட்டாவா? எல்லாரையும் சிரிங்கன்னு வேற சொல்லிருப்ப போலருக்கு."

அதுவரை வாங்க பாய், போங்க பாய்தான். முதல் ஏலே அன்றுதான் விழுந்தது, கூடவே என் மரியாதையும். இரண்டும் எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணப் படம் எடுத்தே பிழைத்த கைக்கு ஆட்களைக் கண்டால் வரிசை போடத்தான் தெரியும் என்று நானே ஒத்துக்கொண்டேன். நீ ஒரு ஊசியை நுழைத்து அஞ்சு பேரையும் பெயர்த்தெடுத்தாய். நாலு பேரை முன்பக்கம் சாய்த்து ஓட விட்டாய். அஞ்சாவது ஆளின் கழுத்தை மட்டும் இடுக்கியால் பிடித்து வலப்பக்கம் திருப்பினாய்.

"நாலு பேரு பாக்குற பக்கத்த அஞ்சாவது ஆளு பாக்கக் கூடாது. அவன் பாக்குற எடத்துலதான் மிச்சச் சண்டை கெடக்கு."

நான் அவன் பார்த்த பக்கம் திரும்பினேன். மேசையில் அங்கே ஒன்றுமில்லை, உன் டீ டம்ளர்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பக்கம் குதிரைகள் வருகின்றன என்று எனக்குத் தோன்றிவிட்டது. இத்தனை வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்றவனுக்கு, சட்டத்துக்கு வெளியேயும் உலகம் உண்டு என்பது ஒரு ஈயப் பொம்மையின் கழுத்தைத் திருப்பியபோதுதான் உறைத்தது.

நானும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ தட்டு முழுவதும் ஆட்களையும் பாறையையும் புதரையும் போட்டுச் சந்தைக்கடை ஆக்கிவிடுவாய். ஓடுகிறவன் முகத்துக்கு முன்னால் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் அவன் சுவரில் போய் முட்டுகிறவன்போல் தெரிவான் என்று சொன்னது நான். படம் எடுக்கிறவன் முதலில் படிக்கிற பாடம் அது. நீ ஒப்புக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. பிறகு ஒருநாள் நான் வரும்போது எல்லாத் தட்டிலும் முன்பக்கத்துப் புதரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தாய். "சரித்தான்" என்றாய். அந்த ஒரு சொல்லை உன் வாயிலிருந்து எடுப்பதைவிடக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது சுலபம்.

மலைச் சரிவில் ஆளை நிறுத்துவதில் நீதான் கெட்டி. பொம்மை வார்க்கிறவர்கள் சமதரையை நினைத்து வார்க்கிறார்கள். அதைச் சரிவான தட்டில் ஒட்டினால் காற்றில் சாய்ந்த வேலிக்கம்பம்போல் நிற்கும். ஏறுகிறவன் உடம்பு முன்னால் விழும், இறங்குகிறவன் பின்னால் சாய்ந்து முழங்காலை மடிப்பான் என்று சொல்லி, பள்ளங்கியில் பூண்டு மூட்டையோடு இறங்குகிற மாதிரி கூடத்தில் நடந்து காட்டினாய். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வலியை மறந்து, "எடது காலத்தான் மொதல்ல வைக்கணும் டாக்டர்" என்று திருத்தினார். அதன்பின் ஒவ்வொரு பொம்மையின் கணுக்காலையும் மெல்ல வளைத்துத்தான் ஒட்டினோம். நம் படை மலை ஏறத் தெரிந்த படை.

மண் விஷயத்தில் மட்டும் நீ கோட்டை விட்டாய். உன் தோட்டத்து மண்ணையே போட வேண்டும் என்று அடம்பிடித்து, பள்ளங்கியிலிருந்து ஒரு பை அள்ளி வந்தாய். வாணலியில் போட்டு வறுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. சலித்தோம், பசையில் குழைத்தோம், கனமாகப் பூசினோம். மழைக்காலம் வந்தது. இந்த ஊர் மழையில் சட்டையே காயாது, பசை எங்கே காயும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தால், என் கும்பினிச் சிப்பாய்கள் நடுவே பச்சைப் பசேலென்று களை முளைத்து, ஒருத்தனைக் கால் பெயர்த்துச் சாய்த்திருந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பாத்தியா, எங்க மண்ணு ஓங் கும்பினிய நிக்க விடாது" என்றாய். பிறகு உன் வீட்டம்மாவுக்குத் தெரியாமல் அவருடைய வாணலியில் மண்ணை வறுத்தாய். தெரிந்ததும் அவர் திட்டியது கீழே கடைவீதி வரைக்கும் கேட்டது.

இதையெல்லாம் எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது, டாக்டர். இனி எழுதப்போவதுதான் கஷ்டம்.

கடைசியாக மிச்சமிருந்தது தலைமைத் தட்டு ஒன்றுதான். மதுரையில் ஆண்டுக்கொரு முறை இந்த ஆட்டக்காரர்கள் கூடுகிற கூட்டத்துக்கு நம் கணவாயைக் கொண்டுபோவதாக மேசைக்குச் சொல்லி வைத்திருந்தோம். பாளையக்காரர், கொடி பிடிக்கிறவன், முரசு அடிக்கிறவன், மூன்று பேரையும் தீட்டி முடித்திருந்தாய். பாளையக்காரர் தலையைத் தனியாகச் செய்து, கழுத்தில் ஒரு கம்பி வைத்து, எந்தப் பக்கமும் சுழலும்படி செருகியிருந்தாய். ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் நமக்கு முட்டிக்கொண்டது. கொடிக்காரனும் முரசுக்காரனும் எதிரியைப் பார்ப்பார்கள், பாளையக்காரர்தான் திரும்பிப் பின்பக்கம் மலையைப் பார்ப்பார் என்றாய் நீ.

"தலைவன் எதிரியப் பாக்க வேணாமா? அவரே திரும்பிட்டா படை ஓடிப்போயிரும்" என்றேன்.

"ஓடாது."

"ஏன் ஓடாது?"

"அப்படித்தான் நல்லாருக்கு."

வாதத்தில் பிடிமானம் இல்லாதபோதெல்லாம் உனக்கு அப்படித்தான் நல்லாருக்கும். நீ கைகழுவப் போன நேரம் பார்த்து நான் தலையை முன்பக்கம் திருப்பி வைத்தேன். நீ ஈரக் கையோடு வந்து பின்பக்கம் திருப்பினாய். கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற சாக்கில் மறுபடி முன்பக்கம் திருப்பிவிட்டு வந்தேன். "ஞாயித்துக்கெழம வெள்ளனே வா பாய், பசை போட்டு முடிச்சுருவோம்" என்று படியில் நின்று சொன்னாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. பழனிக்கு மகளைப் பார்க்கப் போன நீ, பேருந்தில் சன்னலோரம் தலை சாய்த்தபடியே போய்விட்டாய். தூங்குகிறாய் என்று நினைத்து நடத்துனர் தட்டி எழுப்பியிருக்கிறார். நெஞ்சு நோவு என்று ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால்கூட ஆறியிருக்கும், ஒரு பொம்மைத் தலையைத் திருப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது போய்விட்டாயே என்பதுதான் ஆறவில்லை.

காரியத்துக்கு முன்னால் உன் வீட்டம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். "பாய் அண்ணே, மாலை போட நேராப் பாக்குற படம் ஒண்ணு வேணும்" என்றார். உட்காரச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எத்தனை படம் எடுத்திருப்பேன் உன்னை. ஒன்றில்கூட நீ கேமராவைப் பார்க்கவில்லை. ஊரிலுள்ள கல்யாணக் கூட்டத்தையெல்லாம் "இங்க பாருங்க" என்று ஒரு அதட்டலில் பார்க்க வைத்தவன் நான். என் சிநேகிதனைப் பார்க்க வைக்கத் துப்பில்லை. யாரோ எடுத்த ஆதார் அட்டைப் படம் ஒன்று மட்டும் நேராக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு உன் வீட்டம்மா, "இது அவரு இல்லண்ணே. அவரு என்னைக்கு ஒரு எடத்துல நேராப் பாத்தாரு" என்று சொல்லிக் கொஞ்சம் சிரித்தார். பிறகு அழுதார்.

அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் நீ எங்கே பார்த்தாய் என்பது தெரியவந்தது. பழனி மண்டபத்தில் உன் மகள் கல்யாணத்துக் குரூப் படம். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், நீ மட்டும் வாசலைப் பார்க்கிறாய். "பள்ளங்கி ஆளுக வந்த வேன் கொண்டையூசி வளைவுல நின்னுபோச்சுல்ல அன்னைக்கு" என்றார் உன் வீட்டம்மா. ஆஸ்பத்திரியைப் புதுப்பித்து மறுபடி திறந்த நாளின் படம். பெரிய மனிதர்கள் வரிசையாக நிற்க, நீ கதவோரம் பார்க்கிறாய். உன் அண்ணன் தோட்டத்திலிருந்து வந்த கோலத்தில் உள்ளே வரக் கூச்சப்பட்டு வெளியே நின்றிருந்தார். எந்தப் படத்தை எடுத்தாலும் இதே கதை. படத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டவர்களை நீ பார்த்ததே இல்லை. இன்னும் வராத ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

கடைசியில் வந்தது பைன் காட்டுப் படம். பட்டை பொறுக்கப் போன அன்று, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படம்கூட இல்லையே என்று கேமராவைப் பாறைமேல் வைத்து டைமரை அமுக்கிவிட்டு ஓடி வந்தேன். பைன் ஊசிச் சருகில் கால் வழுக்கியது. நீ சிரித்த வாயை மூடாமல் குளிரில் நின்றுகொண்டு, "வெரசா வாலே, பல்லு காயுது" என்று கத்தினாய். அந்தக் கணத்தில் கேமரா தட்டிவிட்டது. படத்தில் நீ பக்கவாட்டில் திரும்பி, முப்பத்திரண்டும் தெரிய என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். ஓரத்தில் என் சட்டைக்கை மட்டும்.

"இதுதான்" என்றார் உன் வீட்டம்மா.

"அந்தக் கை என்னோடதும்மா. வெட்டிட்டுப் பிரிண்ட் போட்டுத் தர்றேன்."

"வெட்டாதீங்கண்ணே. வெட்டுனா அவரு யாரப் பாத்துச் சிரிக்கிறாருன்னு தெரியாமப் போயிரும்."

உன் பெரியம்மா ஒருவர், உசுரோடு இருக்கிறவன் கை மாலைக்குள் இருக்கலாமா என்று முணுமுணுத்தார். இருக்கட்டும் என்று உன் வீட்டம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். உன் வீட்டுக் கூடத்தில் இப்போது உன்னோடு சேர்த்து என் சட்டைக்கையும் மாலை போட்டுக்கொண்டு தொங்குகிறது.

காரியம் முடிந்தபிறகு அவரே உன் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்களே முடிச்சு மதுரைக்குக் கொண்டு போங்கண்ணே. பாதியில கெடந்தா அவருக்குப் பொறுக்காது" என்றார். திறந்து பார்த்தேன். நான் முன்பக்கம் திருப்பிவிட்டு வந்த தலை பின்பக்கம் திரும்பியிருந்தது. நான் படியிறங்கியதும் முதல் வேலையாக அதைச் செய்திருக்கிறாய்.

ஆனாலும் உடனே ஒட்டிவிடவில்லை. செத்தவன் சொன்னான் என்பதற்காக ஒரு தட்டைக் கெடுக்கிற ஆள் நான் இல்லை, அது உனக்கும் தெரியும். தலையை முன்பக்கம் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, நாணயத்தில் அடித்த ராஜா முகம்போல. பின்பக்கம் வைத்துப் பார்த்தேன். உன் ஏற்பாட்டில் ஒரு குறை உடனே கண்ணில் பட்டது. பாளையக்காரருக்குப் பின்னால் பாறையும் புதரும் நெருக்கி வைக்க நீ குறி போட்டிருந்தாய். திரும்பிய முகம் பாறையில்தான் இடிக்கும். பார்க்கிறவன் முகத்துக்கு எதிரே இடம் வேண்டும் என்ற பாடத்தை உனக்கு எத்தனை தரம் நடத்துவது. பாறையைத் தூக்கி முரசுக்காரன் பக்கம் போட்டேன். பின்பக்கம் முழுவதும் வெறும் மண், மேலேயிருந்து இறங்கி வருகிற ஒரு ஒற்றையடிப் பாதை, அதில் கொஞ்சம் பூண்டுத் தோல் சருகு, அவ்வளவுதான். மண்ணை உன் வீட்டம்மாவே வறுத்துக் கொடுத்தார். அதே வாணலிதான், இந்த முறை திட்டு மட்டும் இல்லை.

அந்த வெறும் இடத்தை விட்டதும் தலைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. எதிரி முன்னால் நிற்கிறான், அவன் எங்கும் போய்விடமாட்டான். அவனைப் பார்க்கக் கொடிக்காரன் போதும். மேலேயிருந்து வரவேண்டியவன் இன்னும் வந்து சேரவில்லை, அவனைப் பார்க்கத்தான் ஒரு தலைவன் வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கே நீ சொல்லியிருக்கலாம். உனக்குச் சொல்லத் தெரியவில்லை, செய்யத்தான் தெரிந்தது. பின்பக்கம் பார்க்கவே வைத்து ஒட்டினேன். சரித்தான், டாக்டர்.

போன மாதம் பாலசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். குரூப் படத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் பந்திப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். என் உதவியாளன் கையைத் தட்டி, "சார், இங்க, இங்க" என்று கத்தினான். விடுடா, இருக்கட்டும் என்றேன். அவர் பார்த்த பக்கம் எட்டிப் பார்த்தேன். சமையல்காரருடைய சம்சாரம் கைக்குழந்தையோடு தூணோரம் நின்று பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும் வரச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். இப்போதெல்லாம் எல்லாக் கல்யாணத்திலும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது.

மதுரைக்கு வருகிறேன். ஜெயித்தது யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைக் காதில் வாங்கமாட்டாய். கும்பினிதான் ஜெயித்தது. உன் பகடையை உருட்டியதற்கு வேறென்ன கிடைக்கும், அதற்கு ஒன்றைத் தவிர வேறு எண் தெரியாது. ஆனால் கூட்டம் நின்றது நம் மேசையில்தான். பூண்டுத் தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிஜ இலையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் கர்வமாகத்தான் நின்றேன், மறைக்கவில்லை.

எனக்கு எதிரே ஆட ஆள் இல்லையே என்று, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் முன்வந்தார். நான் பழக்கதோஷத்தில் கும்பினிப் பக்கம் போய் நின்றுவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் பாளையக்காரரின் முகம் தெரியவில்லை. தலைப்பாகையின் பின்மடிப்பு மட்டும்தான் தெரிந்தது. கோயம்புத்தூர்க்காரர் உன் இடத்துக்கு நடந்து போனார். நீ எப்போதும் நிற்கிற இடம் அது, பாளையத்துக்குப் பின்னால், மலையின் மேல்பக்கம். எனக்கு என்னவோ பொறுக்கவில்லை.

"சார், நீங்க கும்பினிய எடுத்துக்குங்க. நான் அந்தப் பக்கம் வர்றேன்" என்றேன்.

மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். நடுவில் யாரோ போட்டிருந்த பையில் கால் தடுக்கியது, ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சமாளித்தேன். உன் இடத்துக்கு வந்து குனிந்து பார்த்தேன். ஒற்றையடிப் பாதைக்கு அந்தப் பக்கம் பாளையக்காரர் திரும்பி நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீ மூச்சடக்கிப் போட்ட அந்த வெள்ளைக் கோடு, கும்பினிப் பக்கத்திலிருந்து எவனுக்கும் தெரியாத பல், அங்கிருந்து பளிச்சென்று தெரிந்தது.

"வந்துட்டேன் டாக்டர். இனிமே வாய மூடிக்கலாம்" என்றேன். கோயம்புத்தூர்க்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார். நான் உன் டேப்பை எடுத்து, உன் படையை நகர்த்த ஆரம்பித்தேன்.